இறங்காத கனம்

எங்கள் மண்டியின் வாசலில் ஒரு கல் குவியல் கிடந்தது. வீடு கட்ட வாங்கிப் போட்ட கல் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அத்தனையும் பூண்டு மூட்டைக்குள் இருந்து வந்தவை. மேல்மலை ஊர்களிலிருந்து வரும் மூட்டைகளில், எடை கூடட்டும் என்று சிலர் நடுவில் ஒரு கல்லை வைத்துத் தைத்து விடுவார்கள். என் வீட்டுக்காரரிடம் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. பூண்டு நாள் ஆக ஆகக் காய்ந்து எடை இறங்குகிற சரக்கு. எத்தனை நாளில் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. இறங்கவில்லை என்றால் தையலைப் பிரித்துக் கையை விடுவார். கை கல்லோடு வெளியே வரும். அதை வாசலில் போட்டுவிடுவார். கொண்டுவந்தவன் அடுத்த வாரமும் அதைத் தாண்டித்தானே உள்ளே வர வேண்டும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. என்னையும் அவர் அந்த மூட்டை நிறுக்கிற தராசில்தான் நிறுத்தினார்.

நான் பழனிக்காரி. அடிவாரத்தில் சாமி கும்பிட வருகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை எங்களுடையது. மலைப்படி ஏறி இறங்கியே வளர்ந்தேன். இருந்தும் எங்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்திகூட ஒல்லி கிடையாது. அம்மா, சித்தி, நான் எல்லோரும் ஒரே அச்சு. கடை பெஞ்சில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். அதை யாரும் நோய் என்று நினைத்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் என்னைக் கொடைக்கானலில் இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்குச் சொந்த ஊர் மன்னவனூர். கொடைக்கானல் கடைத்தெருவில் பூண்டும் உருளைக்கிழங்கும் வாங்கி விற்கிற மண்டி, அட்டுவம்பட்டியில் வீடு. முதல் தாரம் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அதற்கு மேல் கேட்கவில்லை.

வீட்டுக்குள் காலை வைத்த அன்றே என் மாமியார் ஒரு தகரப் பெட்டியின் முன்னால் என்னை நிறுத்தினார்.

"இதுதான் ஒங்க அக்கா. விழுந்து கும்புட்டுக்க தாயி. அவ மனசு குளுந்தாத்தான் நீ வாழ முடியும்."

பெட்டிக்குள் முதல் தாரத்தின் புடவைகளும் ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டையும் இருந்தன. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசியில் அவள் இறந்த திதிக்கு ஒரு புதுப் புடவை எடுத்து, விளக்குக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, அதை நான் அன்று முழுக்கக் கட்டியிருக்க வேண்டும். மூத்தவளுக்குக் கொடுத்ததை இளையவள் உடுத்த வேண்டும், அதுதான் முறை. கொடைக்கானல் குளிருக்கு அந்தக் கம்பளிச் சட்டையையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். அது என் முழங்கையைத் தாண்டவில்லை. மாமியார் சட்டையை வாங்கி மடித்துக்கொண்டே, "எங்க அண்ணன் மக பூவாட்டம் இருப்பா" என்று பெருமூச்சு விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுவதைப் போல ஒரு கேவலம் கிடையாது. நான் நன்றாகவே பொறாமைப்பட்டேன்.

எனக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. இரண்டாவது முறை மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தமிழை வேதப்புத்தகம் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். "அம்மா, உங்கள் சரீரம் மிகுந்த பாரமாக இருக்கிறது. நீங்கள் தினமும் நடக்க வேண்டும். பாரம் குறைந்தால் குழந்தை தங்கும்" என்றார். என் வீட்டுக்காரர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் மண்டியைத் திறந்து என்னைத் தராசில் ஏறச் சொன்னார். மூட்டை வைக்கிற இரும்புப் பலகை, குறுக்கே ஒரு பித்தளைக் கம்பி, அதில் தள்ளுகிற குண்டு. ஈரச் சாக்கு வாசனையும் பூண்டு வாசனையுமாக நான் அதன்மேல் நின்றேன். அவர் குண்டை மெல்லத் தள்ளிக்கொண்டே போனார். கம்பி சமமாக நின்றது. நூற்று அறுபத்து நாலு ராத்தல்.

"எறங்கு" என்றார், கம்பியைப் பார்த்தபடியே.

அதிலிருந்து ஏரிக்கரை நடை ஆரம்பித்தது. வெள்ளனே எழுந்து, அடுப்பை மூட்டி வைத்துவிட்டு, அட்டுவம்பட்டியிலிருந்து இறங்கி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். அந்த நாளில் ஏரியைச் சுற்றுகிறவர்கள் நாய் வைத்திருக்கிற வெள்ளைக்காரர்களும் சீசனுக்கு வரும் பணக்காரர்களும்தான். புடவை கட்டிய பெண் ஒருத்தி சோலி இல்லாமல் வெறுங்கையோடு நடந்தால் எதிரே வருகிற ஆள் ஒவ்வொருவரும் நிறுத்தி விசாரிப்பார்கள். "எங்கம்மா இம்புட்டு வெரசா போறீங்க? வீட்டுல யாருக்கும் முடியலையா?" அவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் ஒரு யோசனை செய்தேன். காலித் தூக்குவாளி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். பாலுக்குப் போகிறாள் என்று விட்டுவிட்டார்கள். வருஷக்கணக்காக அந்தக் காலித் தூக்குவாளி ஏரியைச் சுற்றியது. ஒரு சொட்டுப் பால் அதில் விழுந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்து, கூலியாட்கள் போனபிறகு, நான் தராசில் ஏறுவேன். முதல் மாதம் நம்பிக்கையோடு ஏறினேன். குண்டு அதே கோட்டில் நின்றது. இரண்டாவது மாதம் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். அதே கோடு. தராசில் ஏறுவதற்கு முன் வளையலைக் கழற்றினேன், கொண்டை ஊசியைக்கூட எடுத்து வைத்தேன். என் கால் தசை இறுகியது. புடவைக் கொசுவம் ஒரு மடிப்புக் கூடியது. முன்பெல்லாம் மேட்டில் நாலு இடத்தில் நின்று ஏறுகிறவள், இப்போது பேசிக்கொண்டே ஏறினேன். கம்பிக்கு மட்டும் இதெல்லாம் தெரியவில்லை. கிலோ வந்த வருஷம் மண்டிக்குப் புதுத் தராசு வந்தது. அதில் நான் ஏறி நிற்க, அவர் எழுபத்து நாலரை என்றதும் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். "பாதிக்குப் பாதி கொறஞ்சிருச்சே! முருகா!"

"அது கிலோ ஆத்தா. பழைய கனந்தான். அப்படியே கெடக்கு" என்றார் அவர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பலகையில் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார்.

"இம்புட்டு நாள் காஞ்சும் கொறயலைன்னா உள்ள என்னமோ இருக்கு."

"கல்லு இருக்கும். தையலப் பிரிச்சுப் பாருங்க" என்றேன் நான். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அவர் குண்டைத் திரும்ப ஆரம்பத்துக்குத் தள்ளினார். மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார்தான் மெல்லச் சொன்னார்: "ரெண்டு ஆளு கனம்டா அது. அவ வந்து ஏறி நிக்கிறா."

அப்போதே முடிவு செய்துவிட்டார்கள். தை மாதம்வரை பார்ப்பது, அதற்குள் கம்பி இறங்காவிட்டால் கீழே வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் என்னைக் கொண்டுபோவது. பேய் பிடித்தவளைக் கோடாங்கி என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பழனிக்கு வெளியே ஒரு புளியமரத்தில் பார்த்திருக்கிறேன். ஆணியில் அடித்த தலைமுடிக் கற்றைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, காற்றில் ஆடாமல் தொங்கின. முடியை உருவி, சாட்டையால் அடித்து, எங்கே ஏறினாய் என்று பேயைக் கேட்பான். பிறகு பேயின் கனம் என்று ஒரு கல்லைத் தூக்கித் தலையில் வைப்பான். அதைச் சுமந்துபோய் மரத்தடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அப்படிப் போய் வந்த பெண்ணை ஊர் கடைசிவரை 'பேய் புடிச்சவ' என்றுதான் சொல்லும். எனக்கு உடம்பு முழுக்கப் பயம் பிடித்துக்கொண்டது.

நடையைக் கூட்டினேன். சாயங்காலமும் போனேன். பயத்தில் நடந்ததாலோ என்னவோ அந்த ஐப்பசி மழையில்தான் எனக்கு அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூடுபனியில் ஏரி தெரியாது, கைக்கெட்டும் தூரத்து மரம் தெரியாது. என் தூக்குவாளியின் கைப்பிடி 'டிங்' என்று ஆடும். கொஞ்சம் பின்னால் இன்னொரு 'டிங்' கேட்கும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் சத்தம் என்று இப்போது சொல்லலாம். அப்போது நான் நின்றேன். அது கொஞ்சம் தாமதித்து நின்றது. அட்டுவம்பட்டி மேட்டில் ஏறும்போது இரண்டு தோளிலும் யாரோ கை வைத்திருப்பது போல அழுத்தியது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அழுதுகொண்டே ஏறினேன்.

எத்தனை நாளைக்கு அழ முடியும்? ஒரு நாள் எனக்கே அலுத்துப்போய், "அக்கா, நீங்கதான்னா மெல்ல வாங்க. வழுக்குது" என்றேன். அதற்குப் பிறகு தினமும் பேசினேன். மாமியாரைப் பற்றிக் கோள் சொன்னேன். கலைந்துபோன இரண்டையும் பற்றிச் சொன்னேன். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அந்த மலையில் எனக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது, இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத அவள் ஒருத்திதான். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடு சேர்ந்து நடந்தேன்.

என் வீட்டுக்காரர் இதெல்லாம் அறியமாட்டார். அவர் பகலில் மண்டியில் இருப்பார், வீட்டுக்கு வந்தால் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவார். படுக்கும்போதும் மல்லாந்துதான் படுப்பார். ஏதாவது எடுத்துக் கொடுக்கப் போய் என் கை தெரியாமல் அவர் முதுகில் பட்டுவிட்டால் தூக்கிவாரிப் போடும். என்னைப் பிடிக்காததால் அப்படி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை பிறந்தது. தராசில் ஏறினேன். எழுபத்து நாலரை.

கோடாங்கியின் ஊருக்கு முதல் பஸ்ஸில் இறங்கினோம். மாமியார் வரவில்லை. புறப்படும்போது பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அழுவது எனக்காகவா, அண்ணன் மகளை விரட்டப் போகிறார்களே என்பதற்காகவா என்று தெரியவில்லை. கீழே வெயில் கொளுத்தியது. உச்சிப்பொழுதில் கோடாங்கி வாசலில் என்னை உட்கார வைத்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு உடுக்கையை அடிக்க ஆரம்பித்தான். தெருப் பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி குனிந்து என் காதில், "ஆடிரு தாயி, சீக்கிரம் விட்ருவான்" என்றாள். ஆடிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். உடம்பு ஒத்துழைக்கவில்லை. எழுபத்து நாலரை கிலோவும் தரையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சொல்லு! எங்க ஏறுன? எந்த எடத்துல ஏறுன?"

சாட்டை முதுகில் விழுந்தது. முடியைப் பிடித்து இழுத்து, "எந்த எடம்? எப்ப ஏறுன?" என்று மறுபடி கத்தினான்.

"மன்னவனூருக்கு இங்கிட்டு இருக்குற ஏத்தத்துல."

பதில் என் வாயிலிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் சொன்னார். உடுக்கை நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தூரத்தில் நின்ற புளியமரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார்.

"மழையில குதிர வரல. அவளுக்குக் காச்ச கொதிக்குது, ஆஸ்பத்திரிக்கு லாரியப் புடிக்கணும். முதுகுல கட்டித் தூக்கிட்டு வந்தேன். கனமே இல்ல அவ, காலிச் சாக்கு மாதிரிதான் இருந்தா. எறக்கி விடுங்கன்னா. லாரி போயிருமேன்னு நான் எறக்கல. மறுபடியும் கேட்டா, எறக்கி விடுங்கன்னு. இந்தா வந்திருச்சு, இந்தா வந்திருச்சுன்னு நடந்தேன். அந்த ஏத்தத்துல திடீர்னு கனத்துச்சு. தூங்கிட்டான்னு நெனச்சேன். லாரி நிக்கிற எடத்துக்கு வந்துதான் எறக்குனேன்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் கைகள் இரண்டும் அவரை அறியாமல் முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டு நின்றன. நான் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து சுவரில் சாய்ந்தே கிடந்த முதுகு அது. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தையும் இரக்கத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் வாரம் தவறாமல் என்னைத் தராசில் ஏற்றி அவர் எதைத் தேடினார் என்பது மட்டும் புரிந்தது.

கோடாங்கிக்கு அது புரிந்ததோ இல்லையோ, வேலையை முடிக்க வேண்டும். ஓரத்தில் தயாராக வைத்திருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு என் தலையில் வைக்க வந்தான். நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டேன். நன்றாகவே கனத்தது. மலைப்படியிலும் ஏரிக்கரையிலும் உரமேறிய உடம்பு, தாங்கியது.

"இது எனக்கில்லீங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். "அக்கா எம்மேல ஏறல. நான் பொறந்ததுல இருந்தே இந்தக் கனந்தான். அவங்க ஒங்க முதுகுலதான் இருக்காங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்தார். கோடாங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் அவனைப் பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டான். கல்லை அவர் முதுகில் வைத்தேன். பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோய், ஒரு ஆளைத் தாங்குவது போலத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் புளியமரத்தை நோக்கி நடந்தார்.

மரத்தடிக்குப் போனவர் கல்லைப் போடவில்லை. குனிந்தபடியே நின்றார். "போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வாங்க" என்று கோடாங்கி இங்கிருந்து கத்தினான். அவர் அசையவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, நாங்கள் ஊர் திரும்ப வேண்டிய பஸ் ஒன்று தாண்டிப் போய்விட்டது. அவர் கால் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. விழுந்துவிடுவாரே என்று ஓடினேன். அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

"எறக்கி விடுங்க" என்றேன்.

சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது, அது யாருடைய சொல் என்று. கால் நடுங்குகிறதே என்றுதான் சொன்னேன். அவர் சட்டென்று நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். பிறகு முழங்காலை மடித்து, உடம்பைச் சாய்த்து, தூங்குகிற ஆளை எழுப்பாமல் படுக்க வைப்பது போல அந்தக் கல்லைத் தரையில் இறக்கினார். துண்டை உதறி அதன்மேல் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முதுகில் கை வைத்தேன். தூக்கிவாரிப் போடவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது.

எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்கும் எடைக்கும் சம்பந்தம் இல்லை என்று பிறகு வந்த ஒரு டாக்டர் சொன்னார். அதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ சோறு சாப்பிட்டிருப்பேன். நடையை மட்டும் விடவில்லை. பழகிய தூக்குவாளியோடு அதே ஏரிக்கரையில்தான் நடந்தேன். பின்னால் கேட்ட அந்த இன்னொரு சத்தம் அதன்பிறகு ஒரு மூடுபனியிலும் கேட்கவில்லை. நின்று நின்று பார்த்தேன். விட்டுப்போனதே நல்லது என்று மாமியார் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. அட்டுவம்பட்டி மேட்டில் தனியாக ஏறினேன்.

கோடாங்கியிடம் போய் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்ததும், யாரும் சொல்லாமல் நானே தராசில் ஏறி நின்றேன். அவர் வந்து குண்டைத் தள்ளினார். எழுபத்து நாலரையில் கம்பி சமமாக நின்றது. அவர் வெகுநேரம் கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதே இடத்தில் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நின்றிருக்கிறேன், அவர் கம்பியை விட்டு என் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"எறங்கு" என்றார், கையை நீட்டிக்கொண்டு.